கொடை விழா வினாடி வினா: சண்டை வராத கேள்வி வேண்டும், உதவுங்கள்

பொத்தையடிக்காரன்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், சித்திரைக் கடைசியில் அம்மன் கோவில் கொடை. வில்லுப்பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் பொது அறிவு வினாடி வினா நடத்துவது எங்கள் இளைஞர் மன்றத்து வழக்கம். போன வருஷம் அது சண்டையில் முடிந்தது. "அதிக நிலவுகள் உள்ள கோள் எது?" என்று கேட்டேன், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சனி என்றது. என் கையில் இருந்த பழைய கைடில் வியாழன் என்று போட்டிருந்ததால் தப்பு என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அவளுடைய தாய்மாமன் மொபைலைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டார். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். வில்லுப்பாட்டு ஆசான் குடத்தை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். முதல் பரிசு குக்கர் வேறு, அதனால் இரண்டு வீட்டிலும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த வருஷம் நாற்பது கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஆறு எனக்கே உறுத்துகிறது. வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஒரு வருஷத்தை விட நீளம், உலகின் பெரிய பாலைவனம் சகாரா, நிலாவில் இருந்து பார்த்தால் தெரிவது சீனப் பெருஞ்சுவர், மோனாலிசா துணியில் வரைந்த ஓவியம், தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் ஒரே ஆறு தாமிரபரணி, குற்றாலம் இருப்பது திருநெல்வேலி மாவட்டம். இவற்றில் எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்? அப்புறம் நம்ம பக்கத்துக் கேள்விகளும் கொஞ்சம் வேண்டும். அல்வாவுக்குப் பேர் போன ஊர் எது என்கிற ரகம் வேண்டாம், அது தொட்டில் பிள்ளைக்கே தெரியும்.

பழைய வாத்தியார்:

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவள் சொன்னதுதான் சரி. ஆனால் உன் கைடும் பொய் சொல்லவில்லை, அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். 2019 வரைக்கும் வியாழன்தான் முன்னால் நின்றது, 79 நிலவு. அந்த வருஷம் அக்டோபரில் சனிக்குப் புதிதாக 20 கண்டுபிடித்து 82 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் வியாழன் 92 ஆகி முந்தியது, மே மாதத்துக்குள் சனி 145 தாண்டிவிட்டது, 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்ந்து 274 ஆனது. இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் "2025 கணக்குப்படி" என்று முன்னால் சேர்த்துக் கேள். எவரெஸ்ட் உயரமும் அப்படித்தான். நாம் படித்தது 8848 மீட்டர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 என்று அறிவித்தன, கிட்டத்தட்ட இரண்டு முழம் கூடிவிட்டது.

வெள்ளி கேள்விதான் உன் பட்டியலிலேயே ஆபத்தானது, ஏனென்றால் பாதி சரி. வெள்ளி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற நம் கணக்கில் 243 நாள், சூரியனைச் சுற்றிவர 225 நாள். அப்படிப் பார்த்தால் நாள்தான் நீளம். ஆனால் விவரமான பையன் ஒருவன் எழுந்து "நாள் என்றால் ஒரு விடியலில் இருந்து அடுத்த விடியல் வரைதானே சார்" என்று கேட்டால் நீ மாட்டிக்கொள்வாய். அது சுற்றுவது எதிர்த்திசையில் என்பதால் அங்கே விடியலுக்கும் விடியலுக்கும் இடையில் சுமார் 117 நாள்தான், ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு விடியல். ஆகவே "தன்னைத்தானே ஒரு முறை சுற்ற எடுக்கும் காலம், சூரியனைச் சுற்றும் காலத்தை விட அதிகமாக உள்ள கோள் எது?" என்று கேள். இழுவையாகத்தான் இருக்கும், ஆனால் எந்தத் தாய்மாமனும் ஏற முடியாது. அதைவிட நல்ல கேள்வி, சூரியன் மேற்கே உதிக்கும் கோள் எது என்பது. அதற்கும் வெள்ளிதான் விடை. யுரேனஸையும் எதிர்த்திசையில் சேர்ப்பார்கள், அது கிட்டத்தட்ட படுத்துக்கொண்டே சுற்றுவதால் அதை யாராவது இழுத்தால் மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போ.

மற்றதெல்லாம் சுருக்கம். பாலைவனம் என்றால் மழையோ பனியோ மிகக் குறைவாக விழும் நிலம், அந்தக் கணக்கில் பெரியது அண்டார்டிகா, 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பக்கம். சகாரா சுமார் 90 லட்சம். "வெப்பப் பாலைவனம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சகாரா சரியாகிவிடும். பெருஞ்சுவரைத் தூக்கிப் போடு. நிலாவை விடு, 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய்யே தன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருந்து என்ன, அகலம் நம் ஊர் ரோடு அளவுதானே. மோனாலிசா துணி இல்லை, பாப்லர் மரப்பலகை. 77-க்கு 53 சென்டிமீட்டர், நம் வீட்டு நடையில் மாட்டும் சாமி படம் அளவுதான். 1911-இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருந்து அதைத் திருடியவன் அங்கே வேலை பார்த்த ஒரு இத்தாலிக்காரன், கிடைத்தது 1913-இல். பிள்ளைகளுக்குத் திருட்டுக் கதைதான் பிடிக்கும், அதைக் கேள்வியாக்கு.

பேட்டை ரோடு:

வியாழனா சனியா என்று கொடையில் அடித்துக்கொண்ட ஒரே ஊர் உங்கள் ஊராகத்தான் இருக்கும் வே. எங்கள் ஊரில் எல்லாம் மைக் செட்டுக்குத்தான் சண்டை.

முகத்துவாரம்:

தாமிரபரணி கேள்வியை அப்படியே வைத்தால் அடி நிச்சயம். எல்லா கைடிலும் இதே தப்பு. நம்ம மாவட்டத்திலேயே நம்பியாறு இருக்கிறதே, திருக்குறுங்குடி மலையில் பிறந்து ராதாபுரம் பக்கம் ஓடி இங்கேயே கடலில் விழுகிறது. வைப்பாறும் அப்படித்தான். வைகையும் வருசநாட்டு மலையில் பிறந்து இங்கேயே முடிகிறது, அதன் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் என்பது வேறு விஷயம். தாமிரபரணியின் பெருமை "வற்றாத" என்கிற வார்த்தையில் இருக்கிறது. பொதிகையில் தென்மேற்குப் பருவத்திலும் மழை, வடகிழக்கிலும் மழை, அதனால் ஆனியிலும் தண்ணீர், ஐப்பசியிலும் தண்ணீர். வற்றாத என்று சேர்த்துக் கேளுங்கள். கடலில் சேரும் இடம் எது என்று கேட்டால் இன்னும் நல்லது. பாபநாசம் தெரிந்த பிள்ளைகளில் பாதிக்குப் புன்னைக்காயல் தெரியாது. நான் அந்தப் பக்கத்துக்காரன், அந்த வருத்தம் எனக்கு உண்டு.

குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம், 2019 நவம்பரில் பிரிந்தது. அதற்கு முன்னாலேயே 1986-இல் தூத்துக்குடி பிரிந்துவிட்டது. ஆகவே பழைய கைடில் "திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு பென்சில் கோடு போடுங்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட கயத்தாறு இப்போது தூத்துக்குடி. கழுகுமலை வெட்டுவான் கோவில் தூத்துக்குடி. 1876-இலேயே ஜெர்மானியர் யாகோர் வந்து தோண்டிய ஆதிச்சநல்லூரும் அதே. முதுமக்கள் தாழிக்குள் 3200 வருஷத்து நெல் கிடைத்த சிவகளையும் அதே.

பழைய வாத்தியார்:

வெட்டுவான் கோவிலைச் சொன்னீர்களே, அதை விடக் கூடாது. எல்லோராவின் கைலாசநாதர் கோவிலைப் போல மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த பாண்டியர் கோவில், 8-ஆம் நூற்றாண்டு. விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியாமல் நிற்கிறது. கீழே நின்று பார்த்தால் உளி எந்த இடத்தில் நின்றது என்று காட்டலாம். "கலசத்தை முதலில் செதுக்கி அடித்தளத்தைக் கடைசிக்கு விட்ட கோவில் எது?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள்.

பனங்காட்டு அக்கா:

தம்பி, நம்ம பக்கத்துக் கேள்வி கேட்டிருந்தாய், என்னிடம் நாலு இருக்கிறது.

ஒன்று, பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு ஏன் தடவுகிறார்கள்? எங்கள் அப்பா பனையேறி. காலையில் பாளை சீவிக் கலயத்தைக் கட்டக் கிளம்பும்போது உள்ளே சுண்ணாம்பை விரலால் வழித்துப் பூசுவார், பூசிய விரலை என் மூக்கில் தடவிவிட்டுத்தான் மரம் ஏறுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் இனிப்பைத் தின்று சாராயச் சத்தாக்கிவிடும், அதுதான் கள். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதில் அவை பெருக முடியாது, அதனால் இனிப்பு இனிப்பாகவே இருக்கும். ஒரே மரம், ஒரே பாளை, பூச்சுதான் வித்தியாசம். சித்திரையில் பதநீர் கிடைக்கும், மேடையில் ஒரு கலயத்தை வைத்துக்கொண்டே கேள். சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பட்டை பதநீர் கொடு.

இரண்டாவது, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டிப் பறந்து அங்கே குளிர்காலத்துக்கு வருவது எந்தப் பறவை? வரித்தலை வாத்து. தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். படம் காட்டிக் கேட்கலாம்.

மூன்றாவதுதான் உங்கள் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். ஊர்ச்சபை விதிகள் என்றாலே எல்லாரும் உத்திரமேரூர் என்பார்கள், அது முதலாம் பராந்தகன் காலம், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும். சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிற மானூரில் அதற்கும் நூறு வருஷம் முந்தைய பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. சபையில் யார் உட்காரலாம் என்று அதில் விதி. எதைச் சொன்னாலும் "ஆகாது, ஆகாது" என்று குறுக்கே நிற்பவருக்கு 5 காசு தண்டம், கூட நின்றவருக்கும் உண்டு.

நாலாவது, கிருஷ்ணாபுரம். திருச்செந்தூர் ரோட்டில் அந்தக் கோவில் சிற்பங்களை எல்லாரும் பார்த்திருப்போம், நரம்பும் நகமும் கூடத் தெரியும். அதே ஊரில் பூமியின் காந்தத்தை ஆராயும் மத்திய அரசு ஆய்வுக்கூடம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்த விசை மேலும் கீழும் சாயாமல் கிடையாக இருக்கும் கோடு, நம்ம பக்கமாகப் போகிறது, அதனால் இங்கே வைத்தார்கள். இதே காரணத்துக்காகத்தான் நமக்கு மேற்கே, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் இருந்து 1963 நவம்பர் 21 அன்று முதலாவது ராக்கெட்டை விட்டார்கள்.

பேட்டை ரோடு:

5 காசு தண்டமா? போன வருஷமே மானூர் சபை இருந்திருந்தால் எட்டுப் பேரிடம் வசூல் பண்ணி இன்னொரு குக்கர் வாங்கியிருக்கலாம்.

பொத்தையடிக்காரன்:

அக்கா, காந்தக் கோடு என்றால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

பனங்காட்டு அக்கா:

செய்து காட்டு. தையல் ஊசியின் நடுவில் நூலைக் கட்டிக் கிடைமட்டமாக நிற்கும்படி தொங்க விடு. கட்டு நகராமல் ஒரு சொட்டுப் பசை வை. பிறகு காந்தத்தால் ஒரே திசையில் முப்பது தடவை தேய். நம்ம பக்கம் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் அநேகமாகச் சாயாது. இதையே டெல்லியில் செய்தால் வடக்கு முனை நன்றாகக் கீழே இறங்கிவிடும். ஏன் இங்கே சாயவில்லை என்பதுதான் கேள்வி.

பொத்தையடிக்காரன்:

நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். முதலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் ஊசி ராட்டினம் ஆடியது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் மெதுவாகத் திரும்பி நின்றது, முனை கீழே போகவே இல்லை. அம்மா அடுப்படியில் இருந்து வந்து பார்த்துவிட்டு "இதுக்கா ஃபேன அணைச்ச" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதைக் கடைசிச் சுற்றில் வைக்கிறேன். பெருஞ்சுவரைத் தூக்கிவிட்டேன், மற்ற ஐந்தையும் நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதிவிட்டேன். அந்தத் தாய்மாமனிடம் நேரில் போய்த் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி, இந்த வருஷம் நீங்களே நடுவராக இருங்கள் என்று கேட்டேன். சரி என்றுவிட்டார்.

பழைய வாத்தியார்:

நல்ல காரியம். ஆனால் தாய்மாமன் நடுவர் என்றால் அந்தப் பிள்ளை போட்டியில் உட்கார முடியாதே?

பொத்தையடிக்காரன்:

அவள் உட்காரவில்லை சார். கேள்வி வாசிக்கப் போவதே அவள்தான். தாளைக் கொடுத்த அன்றைக்கே இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.