மறு: பின்னணிப் பணி யார் பெயரில் ஓடுகிறது? சொல் தேவை

> பணியை ஓட்டும் பயனரை 'இயக்குநர்' எனலாமா?

வணக்கம்.

பின்னணிப் பணி (திரைக்குப் பின்னே தானாக ஓடும் நிரல்) எந்தப் பயனர் கணக்கின் உரிமையோடு ஓடுகிறதோ, அந்தக் கணக்குக்கு நம் உதவிப் பக்கத்தில் ஒரு சொல் தேடுகிறோம். 'இயக்குநர்' வேண்டாம். சினிமாவும் அரசுத் துறைகளும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. என் முன்மொழிவு 'இயங்குகணக்கு'. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'இயக்குகணக்கு' என்று வல்லினமாக்கினால் பொருள் கெடும். லினக்ஸில் சேவைகளை (பின்னணிப் பணிகளை) நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சேவையைத் தொடக்கிவைப்பது ரூட் எனும் முதன்மை நிர்வாகக் கணக்கு. சேவை ஓடுவதோ அதன் அமைப்புக் கோப்பின் 'யூசர்' வரியில் எழுதியிருக்கும் கணக்கில். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவது கணக்குக்குத்தான்.

இதற்கு ஏன் தனிச்சொல் என்று கேட்டவருக்கு: உதவிப் பக்கத்தின் இப்போதைய வரைவில் "கோப்பைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று இருக்கிறது. படிப்பவர் முனையத்தை (கட்டளைச் சாளரத்தை) தன் கணக்கில் திறந்து பார்ப்பார், கோப்பு அழகாகத் திறக்கும். குழம்பிப்போய் கோப்புக்கு 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுப்பார். அப்போதும் பணி தோற்கும், ஏனென்றால் தடை கோப்பில் இல்லை, மேலே உள்ள அடைவில் (கோப்புறையில்). உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் இல்ல அடைவு 750 உரிமையோடுதான் (உரிமையாளருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும் வழி, மற்றவர்க்கு இல்லை) உருவாகிறது. குழுவில் இல்லாத கணக்கு அதைக் கடந்து உள்ளே போகவே முடியாது. கோப்புவரை வழியிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் கடக்கும் உரிமை வேண்டும். அதனால் வரியை இப்படி மாற்றலாம்: "இப்பணியின் இயங்குகணக்கால் கோப்பைப் படிக்க இயலவில்லை. கோப்பின் உரிமையோடு மேலடைவுகளின் உரிமையையும் சரிபார்க்கவும்." 'உங்களுக்கு' போனாலே பாதிச் சிக்கல் தீரும்.

> 'இயங்குசூழல்' என்ற ஒரே சொல் போதாதா?

போதாது. சூழல் என்பது ஓடும் பணிக்குத் தெரியும் அடைவுகளும் இயக்ககங்களும்; கணக்கு வேறு. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால் பெரும்பாலும் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். "அப்படியொரு கோப்பு இல்லை" என்று வந்தால் சூழலைப் பார்க்க வேண்டும். குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் கிரான், பணியைப் பயனரின் இல்ல அடைவிலிருந்து தொடங்கும். சார்புப் பாதை (இருக்கும் அடைவிலிருந்து கணக்கிடும் முகவரி) கொடுத்திருந்தால் வேறெங்கோ போய்த் தேடும். சிஸ்டம்டியில் 'பிரைவேட்டெம்ப்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் சேவைக்குத் தெரியும் டெம்ப் (தற்காலிகக் கோப்பு) அடைவு வேறு, நமக்குத் தெரிவது வேறு. விண்டோஸில் பிணையப் பகிர்வொன்றை நாம் இணைத்துவைத்த இசட் இயக்ககம் (Z:) நம் புகுபதிகை அமர்வுக்கு மட்டுமே உரியது. சேவையை நம் கணக்கிலேயே ஓட்டினாலும் அது கண்ணில் படாது. முழுப் பிணையப் பாதையைத்தான் எழுத வேண்டும். கணக்கு, சூழல் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்தக் கடைசி வழக்கை விளக்கவே வழியில்லை.

('சேவைக் கணக்கு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, தெரியும். சேவைக்கென்றே உருவாக்கிய கணக்கு அது. சாதாரணப் பயனரின் கணக்கும் இயங்குகணக்கு ஆகலாம்.)

-----

மறு: மறு: பின்னணிப் பணி யார் பெயரில் ஓடுகிறது?

வணக்கம். 'இயங்குகணக்கு' எனக்குச் சம்மதம். வரையறையில் மட்டும் ஒரு திருத்தம்.

விண்டோஸில் சேவைகளுக்கென உள்ளமைந்த 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்கில் ஓடும் பணி, கள ஆட்சிக்கு (நிறுவனப் பிணையத்தின் 'டொமைன்' நிர்வாகத்துக்கு) உட்பட்ட கணினியிலிருந்து வேறொரு வழங்கியின் (சர்வரின்) கோப்பைக் கேட்கும்போது தன் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் கணினியின் கணக்கைத்தான் காட்டும். பகிர்வில் உரிமை தர வேண்டியது கணினிக் கணக்குக்கு. ஆகவே "பணி தான் ஓடும் கணினிக்குள் பயன்படுத்தும் கணக்கு" என்று வரையறுப்போம்.

இன்னொன்றையும் உதவிப் பக்கத்தில் சேர்க்கவும்: இயங்குகணக்கைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால், சேவையை மறுதொடக்கம் செய்யும்வரை அது பலிக்காது.