சிறுகோளின் பாதையை மாற்ற முடிந்தவர்கள் செல்யாபின்ஸ்க் மக்களை ஏன் எச்சரிக்கவில்லை?

வினா:
2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபாஸ் என்னும் சிறுகோளின் மீது மோதி, அதன் பாதையை மாற்றிக் காட்டியது. அவ்வளவு திறமை இருக்கும்போது, 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்கல்லைப் பற்றி எந்த விண்வெளி நிறுவனமும் முன்கூட்டி வாய் திறக்காதது ஏன்?

மறுமொழி 1:
தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு? அந்தக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 20 மீட்டர்தான்; அதுவும் சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகள் இரவு வானத்தையே துழாவுவதால், பகல் பக்கமாக வருபவை அவற்றுக்குத் தப்பிவிடுகின்றன. காயமடைந்த ஏறத்தாழ 1,500 பேரில் பலர், பேரொளியைக் கண்டு சன்னலருகே போய் நின்றவர்கள்; சற்றுப் பிந்தி வந்த அதிர்வலைதான் கண்ணாடியை உடைத்தது. அங்கே விண்கலம் எதுவும் தேவைப்பட்டிருக்காது, ‘சன்னலை விட்டு விலகி இருங்கள்’ என்ற அறிவிப்பே போதுமாயிருந்திருக்கும்.

மறுமொழி 2:
டார்ட் செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் போய் மோதியதில், டைமார்ஃபாஸ் தன் பெரிய துணையான டிடிமோஸைச் சுற்றிவர எடுத்த 11 மணி 55 நிமிடத்தில் அரைமணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. 73 வினாடி குறைந்தாலே வெற்றி என்று கருதியிருந்தார்கள். மோதலில் சிதறிப் பின்னோக்கிப் பாய்ந்த கற்களும் தூசும் சேர்ந்து உந்தியதே இதற்குக் காரணம். ஆனால் இந்த முறைக்குக் கால அவகாசம் வேண்டும். வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேக மாற்றம், எளிய கணக்கில் பார்த்தாலும், 10 ஆண்டுகளில் 3,000 கிலோமீட்டர் விலகலாகிவிடும். பத்தே நாளில் அது 9 கிலோமீட்டரைக்கூட எட்டாது.

வினவியவர்:
அப்படியானால் 2024 ஒய்ஆர்4 என்னும் சிறுகோள் பூமியைத் தாக்கலாம் என்ற எச்சரிக்கை வெறும் பரபரப்புத்தானா? வாய்ப்பு 3.1 விழுக்காடு என்றார்கள், பிறகு ஒன்றுமில்லை என்றார்கள்.

மறுமொழி 1:
பரபரப்பு செய்தித்தாள்களில்தான் இருந்தது. 2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சிறுகோள் 2032இல் பூமியைத் தாக்கும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் உச்சத்தைத் தொட்டது. மேலும் சில நாள் நோக்கியதும் பாதை துல்லியமாகி, அந்த வாய்ப்பு அநேகமாக இல்லாமல் போனது. எண் ஏறி இறங்குவது இக்கணக்கின் இயல்பு. என் கவலை வேறு: 140 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள, பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் 90 விழுக்காட்டைக் கண்டறிய 2005இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் பணித்தும், இன்னும் பாதியைக்கூட எட்டவில்லை. சிறுகோள்களின் வெப்பத்தை அகச்சிவப்பில் காணவல்ல நியோ சர்வேயர் தொலைநோக்கி, பூமியிலிருந்து சூரியப் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொள்ளப் போகிறது. மோதும் விண்கலத்தைவிட அதற்கே நான் முதலில் பணம் ஒதுக்குவேன்.