கண்மாயில் வண்டல் எடுக்கும்போது ஊர்க்காரர்கள் எதைக் கண்காணிக்க வேண்டும்?

கரைமேடு: எங்கள் கண்மாய்க்கு 140 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம். விவசாயத்துக்கு வண்டல் அள்ள அனுமதி வந்திருக்கிறது. இதைச் சாக்கிட்டு, பள்ளம் நிரப்ப விலைக்கு விற்கும் சவுடு மண் போய்விடக் கூடாது. எந்த அளவோடு நிறுத்தச் சொல்வது? யாரிடம் கேட்பது?

மடைவாய்: அளவுகோல் மடைதான், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். மடையின் அடிக்கல்லுக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. முதல் மழையும் அந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் மடையை எட்டும்.

ஆகவே பொக்லைன் இறங்குமுன் அடிக்கல் மட்டத்தை உள்வாயில் (கண்மாயின் உட்பரப்பில்) நாலைந்து இடத்துக்குக் கொண்டுபோய் முளை அடித்து வையுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ட்யூப் மட்டமே போதும். மண்ணையும் பாருங்கள். பிசுபிசுப்பான கரும்மண் முடிந்து சரளையோ மணலோ தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்தக் களிப்படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அது கிழிந்தால் கண்மாயில் தண்ணீர் நிற்காது. கரையடியை ஒட்டித் தோண்டவே விடாதீர்கள், கரை சரியும்.

ஆயக்கட்டு_கணக்கு: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் நீர்வளத்துறைக் கண்மாய். ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், பிரிவுப் பொறியாளரைப் பாருங்கள். அனுமதி ஆணை தாசில்தாருடையது, நகல் வாங்குங்கள்.

இலவச அளவு ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் டிப்பர் ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, 2.83 கன மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் நஞ்சைக்கு 26 நடைதான். கரை இறக்கத்தில் ஒரு நோட்டு: வண்டி எண், நேரம், எந்த சர்வே எண்ணுக்கு. சாயங்காலம் அந்த வயலுக்கே போய் மண் பரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மண் இல்லையென்றால் வேறெங்கோ விலைக்குப் போகிறது. அன்றே நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துத் தாசில்தாருக்கு எழுத்தில் கொடுங்கள்.

மறுகால்: கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் இத்தனையும் வீண். புலப்படத்தோடு (சர்வே வரைபடம்) கால் தொடங்கும் தலைப்பிலிருந்து நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அகற்றக் கேளுங்கள். மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கி உயர்த்துவதை மட்டும் ஊர் ஒத்துக்கொள்ளவே கூடாது. மேல்வயல் முழுகும், கலுங்கில் வழிந்தோடும் உங்கள் மறுகால் தண்ணீர்தான் கீழ்க்கண்மாயின் வரத்து என்றால் அவர்கள் பயிரும் போகும். கீழூர்க்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

கரைமேடு: மடையிலிருந்து வெட்டும் இடம் 200 மீட்டர். ட்யூப் எட்டாதே?

மடைவாய்: ஒரே வீச்சில் வேண்டாம். 20 மீட்டர் ட்யூபால் முளைக்கு முளை மாற்றிக்கொண்டே போங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மடைக்கே திரும்பி வந்து சரிபார்த்துவிடுங்கள்.