திருப்பூட்டு நாளும் டயாலிசிஸ் நாளும்

கேள்வி:
மகளின் திருமணம் தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் நடக்கவிருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்ததால், மதுரையில் செவ்வாய், வியாழன், சனி என வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். தாலி கட்டும் திருப்பூட்டுச் சடங்கு வியாழக்கிழமையில் அமைந்துவிட்டது. அவள் கழுத்தில் எங்கள் தாலி ஆரமான கழுத்துரு ஏறுவதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். ஒரு முறை மட்டும் தவிர்க்கலாமா?

பதில் 1:
ஆச்சி, தயவுசெய்து தவிர்க்காதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மணவறைக்குப் பதிலாக அவசரப் பிரிவில் இருக்க நேரிடும். அந்த வாரம் மட்டும் திங்கள், புதன், சனி என மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புதன்கிழமை காரைக்குடியில் செய்துகொள்வதானால், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளை அந்த மையம் முன்கூட்டியே கேட்கும்.

பதில் 2:
என் தாயாரும் இதே நிலையில்தான் என் தம்பியின் திருமணத்தை நடத்தினார். வெயிலில் வந்தவரிடம் அன்போடு இளநீரை நீட்டினார்கள். அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுப்படியில் முன்பே சொல்லிவைத்து, உங்கள் நாளளவுத் தண்ணீரை ஒரே செம்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட இணைத்துவைத்த ரத்தக்குழாய்) உள்ள கையில் இறுக்கமான வளையல் வேண்டாம். வரவேற்பை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) அமர்ந்திருங்கள். வருபவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

கேட்டவர்:
புதன்கிழமைக்கு மாற்றித் தருவதாக மருத்துவர் ஒப்புக்கொண்டார். செம்பும் எடுத்துவைத்துவிட்டேன், என் ஆத்தா எனக்குச் சீராகக் கொடுத்தது.