96 பக்கச் செயல்பாட்டு நூல், ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி: எவ்வளவு கேட்பது, எதை எழுதி வாங்குவது?

புதுவரவு_வேதி:
வணக்கம். தனியாக அறிவியல் எழுத்து வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பதிப்பகம் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு 24 செயல்பாடுகள் கொண்ட தமிழ் நூல் கேட்கிறது. 96 பக்கம், பக்கத்துக்கு 400 ரூபாய், பணம் அச்சான பிறகு, முழு உரிமையும் அவர்களுக்கு. இலங்கைக்கும் அதே நூலை அனுப்புவார்களாம். இதுபோக ஒரு தனியார் பள்ளி 40 ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கேட்கிறது. 38,400 சரியான தொகையா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நெம்புகோல்:
பக்கக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். படம் பெரிதானால் பக்கம் கூடும், எழுத்து சிறிதானால் குறையும்; உங்கள் உழைப்பு மட்டும் அப்படியேதான் இருக்கும். செயல்பாட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

ஒன்றுக்குத் தோராயமாக: பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் படிக்க 1 மணி நேரம், பொருள் வாங்கி இரண்டு முறை செய்து பார்க்க இரண்டரை, எழுத 2, ஓவியருக்குப் படக்குறிப்பு 1, தகவல் சரிபார்க்க 1, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு ஒன்றரை. ஆக 9. மொத்த நூலுக்கு 216 மணி நேரம். 38,400-ஐ வகுத்துப் பாருங்கள், மணிக்கு 178 ரூபாய்கூட வரவில்லை. பொருட்செலவு வேறு.

பதிப்பகம் வெட்டப் பார்ப்பது அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான். "இணையத்திலேயே இருக்கே, எதுக்குச் செஞ்சு பாக்கணும்?" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். தட்டு நீரில் நிற்கும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்கு நீர் ஏறியது" என்று எழுதாத புத்தகமே அபூர்வம். செய்து பார்த்தால் கதை வேறு. மூடும்போது சூடான காற்று விரிந்து விளிம்பு வழியே குமிழியாக வெளியேறும். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும், அப்போதுதான் நீர் விறுவிறுவென ஏறும். சுடர் அணையும்போது ஆக்சிஜனில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால் நீர் இன்னும் உயரும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் அப்படி உயரக் கூடாதே?

அளவும் அப்படித்தான். "சிறிது சோடா" என்று எழுதினால் ஒரு பிள்ளை சலவை சோடாவையும் இன்னொன்று பேக்கிங் பவுடரையும் வாங்கி வரும். "ஆப்பசோடா 5 கிராம், ஒரு தேக்கரண்டி, வினிகர் 100 மி.லி." என்று எழுதுங்கள். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் அளவில்தான் இருக்கும். அது ஐந்தரை கிராம் சோடாவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கொட்டினாலும் பலூன் பெரிதாகாது.

"அச்சான பிறகு பணம்" வேண்டவே வேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வராத புத்தகம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும், உங்கள் பணமும் அதோடு போகும். கையெழுத்தின்போது 30 சதவீதம், முதல் வரைவுக்கு 40, இறுதிப் பிரதி கொடுத்ததும் 30 என்று கேளுங்கள். பிழை நீக்குவது திருத்தம். ஒப்புக்கொண்ட செயல்பாட்டை எடுத்துவிட்டு வேறு கேட்பது புது வேலை. இந்த வித்தியாசத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வரவுசெலவு_மேசை:
"முழு உரிமை" என்ற இரண்டு சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாத்தான் செல்லும். காலம் எழுதலைன்னா 5 வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியா மட்டும். அவங்க இலங்கைக்கு அனுப்பணும்னா அதை எழுதியே ஆகணும், அதனால அதுக்குத் தனி விலை சொல்லலாம். தமிழ் அச்சு உரிமையை மட்டும் கொடுத்துட்டு மொழிபெயர்ப்பு, காணொளி, செயலி மூணையும் உங்ககிட்டயே வச்சுக்கிறது நல்லது. உரிமையையே வித்தாலும், நான்தான் ஆசிரியர்னு கோர்ற உரிமை 57-ஆம் பிரிவுப்படி உங்களோடதுதான்.

உத்யம்னு மத்திய அரசோட சிறு தொழில் பதிவு இருக்கு, அதைச் செய்துடுங்க, கட்டணம் கிடையாது. 2006 குறு, சிறு நிறுவனச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும். தாமதமானா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாதக் கூட்டு வட்டி. உத்யம் எண்ணை ரசீது உச்சியிலேயே போடுங்க. அவங்க கணக்கர் கண்ணுல முதல்ல படணும்.

ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினா 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கிற வருமான வரி) பிடிப்பாங்க, பான் கொடுக்கலைன்னா 20. வருஷ வரவு 20 லட்சம் தாண்டும் வரைக்கும் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டுற அனுமான வரித் திட்டம் எழுத்தாளருக்கும் உண்டுன்னு பலர் சொல்வாங்க. அந்தத் தொழில் பட்டியல்ல எழுத்தாளர்னு தனியா இல்லை, ஆடிட்டரைக் கேட்காம அதுல போகாதீங்க.

அச்சுமை:
எழுத்துருவையும் இப்போதே கேட்டுவிடுங்கள். நீங்கள் யூனிகோடில் கொடுப்பீர்கள். தட்டச்சு மையம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும். மாற்றியில் மேலெழுத்து தொலைந்து 10³ என்பது 103 ஆகும். எழுத்துப்பிழை பார்ப்பவர் கண்ணுக்கு 103 பிழையே இல்லை, அதனால் அப்படியே அச்சுக்குப் போகும். நூலில் வரும் மேலெழுத்து, கீழெழுத்து எல்லாவற்றையும் பக்க எண்ணோடு ஒரே தாளில் எழுதி வைத்து, கடைசி பி.டி.எஃப்.பில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். யூனிகோடிலேயே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போடுவதாகச் சொன்னால், அதிலுள்ள வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

புதுவரவு_வேதி:
மிக்க நன்றி. இலங்கைப் பதிப்புக்கு ஆக்சிஜன், கார்பன் மாதிரிச் சில சொற்களை மாற்றினால் போதும்தானே?

தரம்_எட்டு:
போதாது. ஒட்சிசன் (ஆக்சிஜன்), காபனீரொட்சைட்டு (கார்பன் டை ஆக்சைடு), ஒளித்தொகுப்பு (ஒளிச்சேர்க்கை), கலம் (செல்) போன்றவை புதுச் சொற்கள் என்பதால் கண்ணில் படும், மாற்றிவிடுவீர்கள். சிக்கல் இரண்டு பக்கமும் வேறு பொருளில் வழங்கும் சொற்களில்தான் உள்ளது. தமிழ்நாட்டில் நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, எடை நியூட்டனில். இங்கே இலங்கையில் கிலோகிராமில் அளப்பது திணிவு; நியூட்டனில் அளப்பதுதான் நிறை. "கல்லின் நிறை 2 கிலோகிராம்" என்ற வசனத்தை எங்கள் ஆசிரியர் பிழை என்று சிவப்பால் வெட்டுவார். வேகமும் அப்படியே: உங்கள் வேகம் எங்களுக்குக் கதி, உங்கள் திசைவேகம் எங்களுக்கு வேகம். கணினியில் மொத்தமாகத் தேடி மாற்றும்போது ஒழுங்கு தவறக்கூடாது. முதலில் வேகத்தைக் கதியாக்கினால் திசைவேகமும் "திசைகதி" ஆகிவிடும். திசைவேகத்தை முதலில் ஒரு குறியீடாக மாற்றி வைத்துவிட்டு வேகத்தைத் தொடுங்கள். நிறை, எடைக்கும் இதே கவனம் வேண்டும். வகுப்பு என்பதைத் தரம் என்றும் போடுங்கள்.

நெம்புகோல்:
பயிற்சி விட்டுப்போயிற்று. ஒரு நாளுக்கு மட்டும் விலை சொல்லாதீர்கள். தயாரிப்புக்கு இரண்டு நாளாவது பிடிக்கும், பொருட்செலவும் பயணச்செலவும் தனிக் கணக்கு. நால்வருக்கு ஒரு குழு, 10 குழு, உபரி இரண்டோடு 12 செட் பொருள். ஆறு மணி நேரத்தில் நான்கு செயல்பாடு போதும். பள்ளி பத்து கேட்கும், ஒப்புக்கொண்டால் ஆசிரியர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

மின்சுற்றுக்கு நீல, வெள்ளை எல்.இ.டி. வாங்காதீர்கள். அவற்றுக்கு 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். தளர்ந்த பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் எரியாது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும். புது பேட்டரியில் கருகாமல் இருக்க 100 ஓம் மின்தடை ஒன்று தொடரில் சேருங்கள். மெழுகுவத்திச் சோதனையைக் காலை முதல் அமர்விலேயே வையுங்கள்: மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும், மதியம் இரண்டு மணிக்கு யாரும் நிறுத்த விடமாட்டார்கள்.