எக்ஸெலில் 00417, பைத்தானில் 417: என்ன செய்வது?

கேள்வி:
நண்பர்களே, ஊழியர் பட்டியல் ஒன்றை பாண்டாஸில் (பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் நூலகம்) படிக்கிறேன். எக்ஸெலில் திறந்தால் ஊழியர் எண் 00417 என்று ஒழுங்காகத் தெரிகிறது, பைத்தானுக்கு வந்ததும் 417 ஆகிவிடுகிறது. டிடைப்பை (தரவு வகையை) ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், என்று கொடுத்தும் பூஜ்ஜியங்கள் வரவில்லை. சேர்ந்த தேதியிலும் சில வரிசைகளில் சரியான தேதி, சிலவற்றில் 45292 மாதிரி ஏதோ எண். எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
செல்லுக்குள் இருப்பது வெறும் 417தான். முன்னால் வரும் பூஜ்ஜியங்கள் 00000 என்ற ஃபார்மேட் திரையில் போட்டுக் காட்டுபவை, அவ்வளவுதான். டிடைப் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும், அதன் மேல் ஸீஃபில்(5) போடுங்கள், முன்னால் பூஜ்ஜியம் சேர்த்து 5 இலக்கமாக்கிவிடும். நீளம் செல்லுக்குச் செல் மாறினால் ஓபன்பைஎக்ஸெல் என்ற நூலகத்தில் படித்து ஒவ்வொரு செல்லின் நம்பர்_ஃபார்மேட்டையும் (காட்டும் வடிவம்) பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பதில் 2:
தேதியிலும் இதே கதைதான், செல்லுக்குள் இருப்பது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. 45292 என்றால் 2024 ஜனவரி 1. அந்த வரிசைகளில் யாரோ செல்லின் ஃபார்மேட்டை ஜெனரலுக்கு (பொது வடிவம்) மாற்றியிருப்பார்கள், அப்புறம் அது தேதி என்று நூலகத்துக்குத் தெரிய வழியே இல்லை. எண்ணாக வந்தவற்றை மட்டும் தனியே பிரித்து 1899 டிசம்பர் 30 உடன் அத்தனை நாட்களைக் கூட்டுங்கள். பழைய மேக்கில் உருவான கோப்பு என்றால் கவனம், நாட்களை 1904இலிருந்து எண்ணும் கணக்கில் இருக்கலாம், தேதி 1462 நாள் தள்ளிப்போய்விடும்.

பதில் 3:
வங்கிக் கணக்கு எண் இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். எக்ஸெல் எண்ணில் 15 இலக்கம்தான் நிற்கும், 16வது 0 ஆகியிருந்தால் எந்த நிரலாலும் மீட்க முடியாது. டெக்ஸ்டாக வைத்து மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.