கம்பத்துப் பன்னீர் திராட்சை 1832-ல வந்துச்சுன்னு இன்னும் எத்தனை பேர் எழுதப் போறீங்க?

கூடலூர்க்காரன்:
இத்தாலிக்குப் போய்ட்டு வந்த நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இங்க நீளமா எழுதியிருக்கார். சியன்னா பக்கத்துல ப்ரோலியோ கோட்டை, 1141-லேர்ந்து ரிக்காசோலி குடும்பத்துக் கையில இருக்கிற திராட்சைத் தோட்டம், நிலவறை, பீப்பாய் எல்லாம் பார்த்துட்டு வந்திருக்கார். சந்தோஷம். ஆனா கடைசியில, "1832-லேயே பிரெஞ்சுப் பாதிரியார் நமக்குப் பன்னீர் திராட்சையைக் கொடுத்துட்டார், இத்தனை வருஷத்துல கம்பம் பள்ளத்தாக்குல பேர் சொல்ற மாதிரி ஒரு ஒயின் குடும்பம் வந்துச்சா?"ன்னு கேட்டிருக்கார். அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பன்னீர் திராட்சைன்னா மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்துல ரெஸ்ட் பார்க்னு ஒரு பிரபு மாளிகை. அங்க தோட்டக்காரரா இருந்த ஸ்னோ என்பவர் பிளாக் ஹாம்பர்க்கையும் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த ரகம். 1850-ஐ ஒட்டித்தான் அது வெளிய தெரியுது. மரபணுச் சோதனையிலயும் அதே தாய் தகப்பன்தான் வருது. பொறக்காத கொடியை 1832-ல எந்தப் பாதிரியார் கொண்டுவந்தார்? பதில் சொல்லுங்க.

டஸ்கனிப் பயணி:
அண்ணே, நான் ஏதோ கனவு கண்டு எழுதலை. 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எல்லாப் பத்திரிகையிலயும் வந்த தகவல்தான் அது. 1832, பிரெஞ்சுப் பாதிரியார், ஒயினுக்கும் ஏத்த பழம்னு தெளிவா போட்டிருந்தாங்க. அப்ப சும்மா இருந்துட்டு இப்ப என் மேல பாயுறீங்க. நான் எழுதினது ப்ரோலியோவைப் பத்தி. பெத்தினோ ரிக்காசோலின்னு ஒருத்தர், இத்தாலிக்கு ரெண்டு தடவை பிரதமரா இருந்தவர், சொந்தத் தோட்டத்துல வருஷக்கணக்கா சோதனை பண்ணி, சாஞ்சொவேசே, கனயோலோ, மால்வாசியான்னு மூணு திராட்சை ரகத்துல எது எவ்வளவு, எது எதுக்கு, எதை எப்ப சேர்க்கணும்னு 1872-ல கடிதமா எழுதி வெச்சார். கியாந்திங்கிற அந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயினுக்கு அடிப்படையே அந்தக் கடிதம்தான். கோட்டைச் சுவர்ல நின்னா தூரத்துல சியன்னா தெரியுது, கீழ வரிசை வரிசையா கொடி. ஒரு குடும்பம் ஒரு மண்ணைத் தலைமுறை தலைமுறையா படிச்சிருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க ஒரு வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்குறீங்க.

கூடலூர்க்காரன்:
தொங்கத்தான் செய்வேன். வருஷம் தப்புன்னா கணக்கே தப்பு. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. 1141-லேர்ந்து குடும்பச் சொத்துன்னு எழுதினீங்களே, அந்த ஒயின் கம்பெனி நடுவுல கை மாறினதை ஏன் விட்டீங்க? சீக்ராம்ங்கிற சாராயக் கம்பெனிகிட்ட இருந்துச்சு, அப்புறம் ஆஸ்திரேலியாக்காரங்ககிட்ட இருந்துச்சு. 1993-லதான் ஃபிரான்செஸ்கோ ரிக்காசோலி திரும்ப வாங்கினார். அவங்களுக்கு மட்டும் இடைவெளியை மறைச்சுச் சொல்றது, நமக்கு மட்டும் இல்லாத 1832-ஐச் சேர்த்து வயசைக் கூட்டி "ஏன் சாதிக்கலை"ன்னு கேக்குறது. இது என்ன நியாயம்?

அனுமந்தன்பட்டி:
பாதிரியாரை இல்லைன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்? இந்தப் பக்கம் திராட்சை வந்ததே சாமியார்மாரால. பூசைக்கு ரசம் வேணும், அதுக்குக் கொடி வெச்சாங்க. எங்க தாத்தா சொல்லியே நான் கேட்டிருக்கேன்.

கூடலூர்க்காரன்:
பாதிரியார் வரலைன்னு நான் எங்க சொன்னேன்? 1832-ல மஸ்கட் ஹாம்பர்க் வரலைன்னுதான் சொன்னேன். பிரெஞ்சு இயேசு சபையார் கப்பல்ல புதுச்சேரி வந்து இறங்கினதே 1837. மதுரைப் பக்கம் வேலை தொடங்கினது 1838. அப்ப 1832-ல யார்?

அனுமந்தன்பட்டி:
இயேசு சபை மட்டும்தான் பிரெஞ்சுக்காரங்களா? பாரிஸ் வேதபோதக சபை அதுக்கு ரொம்ப முன்னாடியே புதுச்சேரியில இருந்துச்சே. பாதிப் படிப்பு படிச்சுட்டு ஊருக்கே பாடம் எடுக்காதீங்க. போன தடவை ஏலக்காய் பத்தின சண்டையிலயும் இதேதான் பண்ணினீங்க.

டஸ்கனிப் பயணி:
சரியாச் சொன்னீங்க. 1832-ல வேற ஏதோ மஸ்கட் கொடி வந்திருக்கலாம், இப்ப இருக்கிற ரகம் பின்னாடி வந்திருக்கலாம். ரெண்டையும் சேர்த்துச் சொல்றது வழக்கமாயிருச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கூடலூர்க்காரன்:
"இருக்கலாம், இருக்கலாம்"னு எதை வேணாலும் சொல்லலாம். பன்னீர் திராட்சைன்னு பேர் போட்டு 1832-ன்னு எழுதினா அது தப்பு. பொறக்காத கொடி. திரும்பச் சொல்றேன், பொறக்காத கொடி.

லோயர்கேம்ப்:
ரெண்டு பேரும் தோட்டத்துல நின்னு பேசுறீங்களா, இல்ல செல்போன்லேயே திராட்சை வளர்க்குறீங்களா? 1832-ல இந்தப் பள்ளத்தாக்குல தண்ணிக்கு எங்க போறது? பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சு 1895-ல பெரியாத்துத் தண்ணி இந்தப் பக்கம் திரும்பினப்புறம்தான் இந்த ஊரே பச்சையாச்சு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுப் பாரு தெரியும். கவாத்து பண்ணின நாள்லேர்ந்து சாம்பல் நோய்க்கு மருந்தடிச்சு, பழம் கறுத்து வர்ற நேரத்துல ஒரு மழை பேஞ்சா தோல் வெடிச்சிரும். அப்புறம் பந்தலுக்கடியில கழுத்தை அண்ணாந்து நின்னு, கொத்துக்குள்ள சின்னக் கத்திரியை விட்டு, வெடிச்ச பழத்தை ஒவ்வொண்ணா நறுக்கி எடுக்கணும். ஒண்ணை விட்டாலும் பெட்டிக்குள்ள சாறு இறங்கி ஈ மொய்க்கும். யாவாரி அந்தப் பெட்டியைத்தான் முதல்ல தூக்கிப் பார்ப்பான். இதுல ஒயின் குடும்பம் வரலைன்னு கேள்வி.

டஸ்கனிப் பயணி:
அதையேதான் நானும் கேக்குறேன். யாவாரி சொல்ற விலைக்குக் கொடுத்துட்டு நிக்கிறதுக்குப் பதிலா ஏன் ரசமாக்கலை? ப்ரோலியோவுல வருஷத்துக்கு ஒரே அறுவடை. நமக்கு வருஷம் முழுக்க எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கு. ஆனைமலையன்பட்டியில திராட்சைக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இதே மஸ்கட் ஹாம்பர்க்ல சீனாவுல ஒயின் போடுறான்.

கூடலூர்க்காரன்:
போட்டு எங்க விக்கிறது? ப்ரோலியோவுல கோட்டை வாசல்லயே கடை வெச்சு உங்களுக்கு ருசி பார்க்க ஊத்திக் கொடுத்தான், நீங்களும் பாட்டில் வாங்கிட்டு வந்தீங்க. இங்க 2003-லேர்ந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக். தோட்டக்காரன் தன் வாசல்ல ஒரு கிளாஸ் ஊத்தினா போலீஸ் வந்து நிக்கும். குடும்பம் எப்படி வளரும்? சட்டத்தை விட்டுட்டு விவசாயியைக் குத்தம் சொல்லி, அதுக்கு ஆதாரமா 1832-ஐ வேற கொண்டு வர்றீங்க. ஒயினுக்கு வேணும்கிற அளவுக்கு இந்தப் பழத்துல இனிப்பு ஏறுறதுக்கு முன்னாடியே மழைக்குப் பயந்து வெட்டிடுறோம். சர்க்கரை சேர்த்துத்தான் ஆகணும். அதெல்லாம் சுத்திப் பார்க்கப் போன ஆளுக்குத் தெரியாது.

குமுளி ஏலக்காரர்:
நம்ம தோட்டத்துப் பழம் மலையேறி வந்து கேரளாவுல வீட்டுக்கு வீடு பரணியில, அதாவது ஊறுகாய் ஜாடியில, ஒயினாகுது. கிறிஸ்துமஸுக்கு எங்க தெருவுல யார் வீட்டுக்குப் போனாலும் கேக்கோட ஒரு கிளாஸ் வரும். மலையாளிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை. அதை ஒத்துக்கிட்டுப் போங்கப்பா.

லோயர்கேம்ப்:
வீட்டுல போடுறதும் குத்தம்தான்னு 2019-ல உங்க கலால் துறையே எச்சரிச்சுச்சு. மறந்துட்டீங்களா? பழம் எங்களுது, தண்ணிக்கு எங்களோட வம்பு, பெருமை மட்டும் உங்களுக்கா?

குமுளி ஏலக்காரர்:
"உங்க" கலால் துறைன்னு சொல்லாதீங்க. நானும் தமிழன்தான், எங்க அப்பா கம்பத்துலேர்ந்து மேல ஏறி வந்தவர். தண்ணியை ஏன் இழுக்குறீங்க? திராட்சைப் பேச்சுல அணையைக் கொண்டு வந்தா நானும் நிறையப் பேசுவேன்.

அனுமந்தன்பட்டி:
அணையை விடுங்க. பாதிரியாரை அவமானப்படுத்தினதுக்கு இன்னும் பதில் வரலை.

கூடலூர்க்காரன்:
அவமானம் எங்கயும் இல்லை. ஒரு காகிதம் காட்டுங்க. 1832-ன்னு தேதி போட்ட கடிதமோ, மடத்துக் கணக்கோ, எதுவா இருந்தாலும் சரி. அதுல மஸ்கட் ஹாம்பர்க்னு இருக்கணும். இருக்காது, ஏன்னா அந்தப் பேரே அப்ப கிடையாது.

டஸ்கனிப் பயணி:
குறியீடு வாங்கின சான்றிதழே இருக்கு, இன்னும் காகிதமா? நீங்க சொல்ற ஸ்னோ மட்டும் நேர்ல வந்து உங்களுக்குச் சாட்சி சொன்னாரா? அவர் சொன்னதை நம்புவீங்க, நம்ம ஊர்க்காரங்க சொன்னா நம்ப மாட்டீங்க. அப்புறம் ரிக்காசோலி வித்தது கம்பெனியை. கோட்டையை இல்லை. அதையும் கலந்து கட்டி எழுதுறீங்க.

கூடலூர்க்காரன்:
ஸ்னோவை விடுங்க, மரபணு பொய் சொல்லுமா? கோட்டையைக் குடிக்க முடியாது, ஒயின் போட்டது கம்பெனிதான். 1832-க்கு வாங்க.

லோயர்கேம்ப்:
ஏலக்காரரே, பரணி ஒயினுக்கு உங்க தெருவுக்குப் பழம் கொண்டு வர்ற அதே யாவாரி போன மாசம் எங்க தோட்டத்துல மூணாந்தரம்னு ஒதுக்கி விலையைக் குறைச்சு ஏத்திட்டுப் போனான். மேல அதை என்ன விலைக்குக் கொடுத்தான்னு கேட்டுச் சொல்லுங்க.

குமுளி ஏலக்காரர்:
நான் எதுக்குக் கேக்கணும்? தரம் பிரிச்சப்ப பக்கத்துல நின்னது நீங்க. ஏலக்காயை இதே மாதிரி தரம் பிரிச்சு எங்க வயித்துல அடிச்சவங்க போடியிலதான் கடை வெச்சிருக்காங்க. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.